ஆங்கிலச் சொற்றொடர் வினைகளை அறிந்து ஆள்வோம்

 

நாம் இளம் ஆசிரியராகப் பணியாற்றிய ஒரு தோட்டத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

அத்தோட்டத்தில் குடிநீர்க் குழாய்கள் பழுதுபட்டிருந்தன. அதுபற்றிப் பேச ஞாயிறு காலை ஒரு கூட்டம் நடைபெறும் என முன்பே கூறியிருந்தனர். சனிக்கிழமை மாலை அலுவலகப் பலகையில் ஆங்கிலத்தில் தட்டெழுதிய அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. பெரியவர்கள் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனை அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். அவன் ‘மீட்டிங்’ என்ற சொல்லைக் கண்டான். ‘டுமோரோ’ என்ற சொல்லைக் கண்டான். ‘கோல்’ என்பதன் இறந்தகால வடிவத்தையும் கண்டான். “நாளைக்குக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க” என்று பெருமையுடன் சொன்னான்.

மறுநாள் காலை கொட்டும் மழையில் இருபதுக்கும் மேற்பட்டோர் அரைநாள் வேலையை விட்டுவிட்டு அலுவலகத்தின் முன் நின்றனர். கதவு பூட்டியிருந்தது. அறிவிப்பில் இருந்த வினை ‘கோல்’ அன்று; ‘கோல் ஆஃப்’. அதன் பொருள் கூட்டம் கைவிடப்பட்டது என்பதாம்! அரைநாள் கூலி போயிற்று. “ஆறு வருசமா என்னடா படிச்சே?” என்று தந்தை எல்லார் முன்னிலையிலும் மகனைக் கடிந்துகொண்டார். பையன் தலைகுனிந்து நின்றான்.

குற்றம் அவனுடையதன்று, எம்முடையது. ‘கோல்’ என்றால் ‘கூப்பிடு’ என்று கற்பித்தோம். அதன் அருகே ‘ஆஃப்’ என்னும் சிறு சொல் வந்து நின்றால் பொருளே மாறிவிடும் என்பதைக் கற்பிக்கத் தவறினோம். அக்குறையை நீக்கும் பொருட்டே இக்கட்டுரையை வரைகிறோம்.

சொற்றொடர் வினை என்பது யாது?

ஆங்கிலத்தில் ஓர் எளிய வினைச்சொல்லுடன் அப், ஆஃப், அவுட், ஆஃப்டர் போன்ற சிறு சொல் ஒன்றோ இரண்டோ சேர்ந்து புதுப்பொருள் தருவதுண்டு. இதனை ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர். நாம் சொற்றொடர் வினை எனலாம். ‘புட்’ என்றால் வை. ஆனால் ‘புட் ஆன்’ என்றால் உடுத்து. ‘புட் அவுட்’ என்றால் தீயையோ விளக்கையோ அணை. ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடு. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். அதுபோலவே ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஃபார்’ என்றால் தேடு. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பேணு. ‘லுக் இன்ட்டூ’ என்றால் விசாரித்து ஆராய்.

இது நமக்கு முற்றிலும் புதிய செய்தியன்று. நம் தாய்மொழியில் ‘கண்டுபிடி’ என்கிறோம். கண்ணாற் கண்டு கையாற் பிடிப்பதா அதன் பொருள்? ‘கைவிடு’ என்கிறோம், ‘விட்டுக்கொடு’ என்கிறோம், ‘பார்த்துக்கொள்’ என்கிறோம். இவற்றின் பொருளை உறுப்புகளைத் தனித்தனியே கூட்டி அறிய இயலாது, முழுமையாகவே அறிகிறோம். தமிழ்க் குழந்தை இதனைத் தாயின் மடியிலேயே கற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த வாய்ப்பு நமக்கு இல்லாமையால் முயன்று கற்க வேண்டியுள்ளது.

1755 ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்மொழியார்க்கு மிகுந்த இடர் தருபவை இத்தகைய தொடர்களே என்பதைத் தம் முன்னுரையிலேயே குறித்து, அவற்றைக் கவனமாகத் தொகுத்தளித்தார். எனவே மாணவர்களே, இவை கடினமாகத் தோன்றினால் நாணவேண்டா. அறிஞரே ஒப்புக்கொண்ட கடினம் இது.

பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று

ஆங்கிலத்தில் ஒரே கருத்தைக் கூறப் பெரும்பாலும் இரு வழிகள் உண்டு. இதற்கு வரலாறே காரணம். 1066 ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் நெடுங்காலம் அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றது. சமயத்திலும் கல்வியிலும் இலத்தீன் ஆட்சி செய்தது. பொதுமக்கள் நாவில் பழைய குறுஞ்சொற்களே வழங்கின. இவ்வாறு வந்த இருவகைச் சொற்களும் இன்றும் ஆங்கிலத்தில் அருகருகே வாழ்கின்றன.

‘புட் ஆஃப்’ என்பதற்கு நிகராக ‘போஸ்ட்போன்’ என்னும் சொல் உண்டு. இலத்தீன் மொழியில் அதன் உறுப்புகளுக்குப் ‘பின்னே வை’ என்பதே பொருள். பேச்சில் நாம் ‘தள்ளிப்போட்டார்கள்’ என்றும், அறிவிப்பில் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்றும் கூறுவதை இங்கு ஒப்பு நோக்குக. மேலும் சில இணைகளைக் காண்போம்:

கோல் ஆஃப் – கேன்சல் (நீக்கம் செய்)
லுக் இன்ட்டூ – இன்வெஸ்டிகேட் (விசாரித்து ஆராய்)
புட் அப் வித் – டாலரேட் (பொறுத்துக்கொள்)
புட் அவுட் – எக்ஸ்டிங்குவிஷ் (தீயை அணை)

பள்ளிச் சுவரில் தொங்கும் செந்நிறத் தீயணைப்புக் கலத்தைப் பாருங்கள். அதன் ஆங்கிலப் பெயர் ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. ஆயினும் அடுப்பை அணைக்கச் சொல்லும் ஆங்கிலத் தாய் அச்சொல்லைப் பயன்படுத்த மாட்டாள்.

நண்பனுக்கு மடல் எழுதும்போதும் உரையாடும்போதும் சொற்றொடர் வினைகளே இயல்பானவை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன் என்பதற்குக் ‘கெட் அப்’ என்பதே போதும். அங்கே பெருஞ்சொல்லைத் தேடினால் நகைப்புக்கு இடமாகும். விண்ணப்பம், முறையீடு, தேர்வுக் கட்டுரை ஆகியவற்றில் ஒற்றைச் சொல் இருப்பின் அதனைத் தெரிந்து ஆள்வது நன்று. அது சுருக்கமாகவும் ஐயமின்றியும் பொருளை உணர்த்தும். ஆயினும் இதனை விலக்கில்லா விதியாகக் கொள்ளலாகாது. நிறைவேற்று என்னும் பொருளுடைய ‘கேரி அவுட்’, அமை என்னும் பொருளுடைய ‘செட் அப்’ போன்றவை அரசு அறிக்கைகளிலும் தடையின்றி வழங்குகின்றன.

சொற்கள் நிற்கும் இடம்

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்றும் எழுதலாம். ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்றும் எழுதலாம். ஆனால் ‘அதனை’ என்னும் பொருளில் ‘இட்’ வருமாயின் அது நடுவிலேதான் நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ என்பது பிழை. மாறாக, ‘லுக் ஆஃப்டர்’ என்பதைப் பிரித்தல் கூடாது. ‘லுக் ஆஃப்டர் ஹர்’ என்பதே சரி. ஆகவே ஒவ்வொரு வினையையும் அது வரும் வாக்கியத்தோடு சேர்த்தே கற்க வேண்டும்.

கற்கும் முறை

மாணவர்களே, நூறு தொடர்களை ஒரே இரவில் மனனம் செய்யாதீர்கள். மறுநாளே அவை ஒன்றோடொன்று குழம்பிப்போகும். சிறு குறிப்பேடு ஒன்று வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக, பொருளும் சொந்த வாக்கியமும் எழுதுங்கள். அதற்கு நிகரான ஒற்றைச் சொல் தெரிந்தால் அதனையும் எதிரே குறியுங்கள். அகராதியில் தேடும்போது முதலில் நிற்கும் வினையின் கீழ்த் தேடுங்கள். ‘கோல் ஆஃப்’ என்பது ‘கோல்’ என்பதன் கீழ்க் கிடைக்கும்.

பெற்றோர்களே, தங்களுக்கு ஆங்கிலம் தெரியாதிருக்கலாம். அதனால் பிள்ளைக்கு உதவ இயலாதென எண்ணவேண்டா. பிள்ளை ஒரு கடிதத்தையோ அறிவிப்பையோ படித்துப் பொருள் கூறும்போது, “அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில என்ன சொல் நிக்குது?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அக்கேள்வி பிள்ளையைத் திரும்பப் பார்க்கச் செய்யும். ஐயம் தீரவில்லையெனில் கடிதத்தோடு பள்ளிக்கு வாருங்கள். கையொப்பமிடுவதற்கு முன்பே வாருங்கள். ஆசிரியர்கள் மகிழ்ந்து படித்துக் காட்டுவோம்.

தோட்டத்தின் எல்லையைக் கடந்து இடைநிலைப் பள்ளிக்கும், பின்னர் பணியிடங்களுக்கும் செல்லவிருக்கும் நம் பிள்ளைகள் பல கடிதங்களையும் படிவங்களையும் சந்திப்பார்கள். அவற்றின் பொருளை முழுமையாக உணர்ந்து செயற்படுவது அவர்தம் உழைப்பையும் உரிமையையும் காக்கும். அன்று மழையில் நின்ற அந்தப் பெரியவர்களைப் போல இனி ஒருவரும் பூட்டிய கதவின் முன் நிற்கலாகாது. பெரிய சொல்லைக் கற்பதோடு அதன் அருகே நிற்கும் சிறிய சொல்லையும் மதித்துக் கற்போமாக.