பாஸ்டனிலிருந்து பெரு வரை

தகவல் துளி!

வெளிநாடு சென்று ஏழை மக்களிடையே பணியாற்றும் கத்தோலிக்கக் குருக்கள் நெடுங்காலம் பெரும்பாலும் இயேசு சபை, பிரான்சிஸ்கன் சபை போன்ற துறவற சபைகளைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள். உள்ளூர்ப் பங்குத்தந்தையர் தங்கள் மறைமாவட்டத்தை விட்டுப் போவது அரிது.

1957 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. போப் 12ஆம் பயஸ், ‘ஃபிதேயி தோனும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். ஆப்பிரிக்காவில் குருக்கள் போதவில்லை, ஆயர்கள் தங்கள் குருக்களில் சிலரைக் குறிப்பிட்ட காலத்துக்கு அனுப்பி உதவலாம் என்றது அந்த மடல். இப்படிப் போகிறவர் சொந்த மறைமாவட்டத்தின் குருவாகவே நீடிப்பார். காலம் முடிந்ததும் ஊர் திரும்பலாம்.

அடுத்த ஆண்டே, 1958இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பேராயர் ரிச்சர்ட் குஷிங், தென் அமெரிக்காவுக்காகப் புனித யாக்கோபு மறைபணிச் சங்கத்தைத் தொடங்கினார். பெரு, பொலிவியா, ஈக்வடார் ஆகிய மூன்று நாடுகள்தான் களம். ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு, நகர்ப்புறக் குடிசைப் பகுதிகளுக்கும் ஆண்டிஸ் மலைக் கிராமங்களுக்கும் சென்றார்கள் அந்தச் சங்கத்தின் குருக்கள். அயர்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியாவிலிருந்தும் பலர் சேர்ந்தார்கள்.

இன்றோ காற்று எதிர்த்திசையிலும் வீசுகிறது. ஐரோப்பாவில் குருக்கள் குறைந்துவிட்டதால், ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளின் பங்குகளில் இந்திய, ஆப்பிரிக்கக் குருக்கள் பணியாற்றுகிறார்கள். தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களில் உண்டு.