பழவேற்காட்டுக் கட்டமும் சாப்ளின் படக் கணக்கும்

சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ வெளியான நாள் 5.2.1936. ஓடும் நேரம் 87 நிமிடம். செலவு சுமார் 15 லட்சம் டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (31.10.1931) 8,000 ரூபாயில் முடிந்து 75,000 ஈட்டியதாகச் சொல்வார்கள். ஒரு சாப்ளின் படத்தின் காசில் 500 காளிதாஸ் எடுத்திருக்கலாம்.

இந்த இரண்டு படங்களையும் ஒரு ராட்டினம் சேர்க்கிறது. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காளிதாஸில் டி.பி. ராஜலட்சுமி காந்தியின் ராட்டினத்தைப் பாடினார். கேட்க ஆசைதான், ஆனால் படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. படம் வருவதற்கு 39 நாள் முன்பு, 22.9.1931 அன்று, லண்டன் கேனிங் டவுனில் ஒரு டாக்டர் வீட்டில் சாப்ளின் காந்தியைச் சந்தித்தார். இயந்திரத்தின் மேல் ஏன் இத்தனை வெறுப்பு என்று கேட்டார். இயந்திரம்தான் எங்களை இங்கிலாந்தின் கையை எதிர்பார்க்க வைத்தது என்பது காந்தி சொன்ன பதிலின் சாரம்.

அதற்குப் பழவேற்காடே சாட்சி. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியதற்கு முக்கியக் காரணம் துணி. அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி இந்த ஊர்ப் பெயரோடேயே கடல் கடந்தது. நூலுக்கு முதலில் சாயம் ஏற்றி, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி, 8 கஜத் துண்டாக நெய்வார்கள். 36 அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் கட்டம் ஒன்றுபோல இருக்கும். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கிளாஸ்கோக்காரர்கள் அதே துணியை, ஊர்ப் பெயரையும் எடுத்துக்கொண்டு, நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு ஆலை நூலும் விசைத்தறியும் சேர்ந்து வந்தபோது நம் கைத்தறியால் விலையில் ஈடுகொடுக்க முடியவில்லை.

இயந்திரத்தின் அதே கணக்குதான் சாப்ளின் படத்திலும். ‘மாடர்ன் டைம்ஸ்’ முதலாளி மிச்சம்பிடிக்கப் பார்ப்பது தொழிலாளியின் சாப்பாட்டு நேரத்தை. அதற்காக ஊட்டும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். சோளக்கதிர் வெறிபிடித்துச் சுழன்று சாப்ளின் வாயை அறைகிறது. டெட்ராய்ட் தொழிற்சாலை இளைஞர்கள் நாலைந்து வருடத்தில் நரம்பு தளர்ந்துபோவதை ஒரு நிருபர் சொல்லக் கேட்டதும் இப்படத்துக்கு விதை என்று சாப்ளினே எழுதியிருக்கிறார். ஆகவே படத்துக்கான முழு வரவையும் காந்தி பேரில் எழுத மாட்டேன். பாதிக்குக் குறையாமல் எழுதுவேன்.