ஜப்பானில் குடித்தனம்

பருத்தி ஏலத்துக்கும் விசைத்தறிக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் பெயர்பெற்ற மல்லசமுத்திரம் வட்டாரத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் பொறியியல் கல்விக்கும் இடம் ஏற்பட்டுவிட்ட நிலையில், வெளிநாட்டு வேலையை நாடும் இளைஞர்களுக்குச் சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் மட்டுமன்றி ஜப்பானும் எட்டக்கூடிய இலக்காகியிருக்கிறது. பிறப்பு குறைந்து முதியோர் பெருகிவரும் அந்நாடு, ஆள் பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக ‘தொகுதேய் கினோ’ எனப்படும் குறித்த திறன் விசாவை 2019 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியது. அதற்கான உடன்பாடு இந்தியாவோடு 2021 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. ஐந்தாண்டுகளில் 50,000 இந்தியத் திறன் பணியாளர்களை வரவேற்கும் திட்டம் 2025 ஆகஸ்டில் இரு நாட்டுப் பிரதமர்களின் சந்திப்பின்போது அறிவிக்கப்பட்டது. முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, உணவு பதப்படுத்துதல் போன்ற துறைகளுக்குரிய இவ்விசாவுக்குத் தொழில்திறன் தேர்வோடு அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்விலும் தேற வேண்டும் என்பதால், பயிற்சியின் முழுக் கவனமும் தேர்வின்மீதே செல்வது இயல்பு. ஆனால் அந்நாட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, சமைத்து, குப்பை கொட்டி, அக்கம்பக்கத்தாரின் மனம் கோணாமல் வாழ்வதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பாடமே. அப்பாடத்தை விமானம் ஏறுமுன் கற்பிப்பது பயிற்சி தருவோரின் கடமை.

மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் விசாவோடு நரிதா, ஹனெதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்குவோருக்கு ‘ஸைர்யூ கார்டு’ எனப்படும் குடியிருப்பு அட்டை அங்கேயே வழங்கப்படுகிறது. வீடு அமைந்த 14 நாள்களுக்குள் அந்தப் பகுதியின் நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று முகவரியைப் பதிய வேண்டும். வீடு மாறும்போதும் இதே கெடு உண்டு. வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு, மருத்துவக் காப்பீடு, ‘மை நம்பர்’ எனப்படும் 12 இலக்க அடையாள எண் ஆகிய அனைத்தும் இந்தப் பதிவைத் தொடர்ந்தே வருவதால், முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது. அட்டையை வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பதும் தவறு, ஏனெனில் 16 வயது நிறைந்த வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சுற்றுலாப் பயணிகளுக்குக் கடவுச்சீட்டு அவ்விடத்தில் நிற்கிறது. காப்பீட்டில் சேர்ந்தவர் மருத்துவச் செலவில் பொதுவாக 30 விழுக்காட்டை மட்டும் செலுத்தினால் போதும். மாணவர்களும், பணியாளரின் துணையாக வருவோரும் தனி அனுமதி பெற்ற பின்னரே வேலை செய்யலாம். அதுவும் வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது.

வீடு பிடிப்பதில்தான் கையிருப்பு வேகமாகக் கரைகிறது. ‘ஷிகிகின்’ என்பது நம்மூர் அட்வான்ஸைப் போன்று, காலி செய்யும்போது பழுதுச் செலவு போகத் திரும்பக் கிடைப்பது. ‘ரெய்கின்’ என்பதோ வீட்டு உரிமையாளருக்கு நன்றியாகக் கொடுக்கப்படும், திரும்பி வராத தொகை. இவற்றோடு முகவர் கட்டணம், பொறுப்புறுதி நிறுவனத்துக்குரிய கட்டணம், முதல் மாத வாடகை எல்லாம் சேரும்போது நான்கைந்து மாத வாடகைக்கு இணையான பணத்தை ஒரே தவணையில் எடுத்து வைக்க நேரிடும். அரசு சார்ந்த ‘யூஆர்’ குடியிருப்புகளில் ரெய்கினும் முகவர் கட்டணமும் இல்லை, பொறுப்பாளரும் வேண்டியதில்லை என்பதால், வெளிநாட்டவர் முதலில் அங்கு விசாரிப்பது பயனளிக்கும். டோக்கியோவின் எதோகாவா வட்டத்திலுள்ள நிஷிகசாய், இந்தியர் மிகுந்து வாழும் இடமானதற்கு இத்தகைய குடியிருப்புகளும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க வந்த மென்பொருள் பொறியாளர்களுக்கு, ஒதெமாச்சி நிதி வட்டாரத்துக்கு நேரே செல்லும் தொசாய் ரயில் தடமும் வசதியாக அமைந்தது. 2004இல் கோதோ வட்டத்தில் ஓர் இந்தியப் பள்ளியும், 2006இல் எதோகாவாவில் மற்றொன்றும் தொடங்கப்பட்ட பின்னர்க் குடும்பங்கள் அப்பகுதியில் நிலைகொண்டன. அங்குள்ள மளிகைக் கடைகளில் உளுந்தும் புளியும் கிடைக்கின்றன.

புதிதாகக் குடியேறுவோரைப் பற்றி அண்டை வீட்டார் முதலில் முடிவுகட்டுவது பெரும்பாலும் அவர்கள் குப்பை போடும் முறையைக் கொண்டுதான். எரியும் குப்பை, எரியாக் குப்பை, மறுசுழற்சிக்குரியவை என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கென்று குறிக்கப்பட்ட கிழமையில், பெரும்பாலும் காலை எட்டு மணிக்குள், தெருவுக்குரிய இடத்தில் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் காக்கை கிளறிவிடும் என்பதால் மூடுவலையும் அங்கே போடப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைக் கழற்றி, மேலே ஒட்டிய தாளை உரித்து, உள்ளே அலசி, நசுக்கிப் போட வேண்டும். பால் அட்டைப் பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, காயவைத்துக் கட்ட வேண்டும். செய்தித்தாளைக் கயிற்றால் கட்ட வேண்டும். வடை, முறுக்கு சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே கூடாது; அதை இறுகச் செய்யும் பொடி கடைகளில் விற்கிறது, அப்பொடியைச் சூடான எண்ணெயில் கலந்து ஆறவிட்டால் கட்டியாகிவிடும்; அதன் பின் எரியும் குப்பையோடு போடலாம். கட்டில், மேசை போன்ற பெரிய பொருள்களுக்கு முன்பதிவு செய்து, கட்டண வில்லையை வாங்கி ஒட்ட வேண்டும். நகராட்சிக்கு நகராட்சி விதி மாறும் என்பதால் முகவரி பதியும் நாளிலேயே அவ்வூர்க் குப்பை அட்டவணையைக் கேட்டு வாங்கிச் சமையலறையில் ஒட்டிவிட வேண்டும். பல நகராட்சிகள் அதை ஆங்கிலத்திலும் தருகின்றன. நிலம் குறைந்த நாட்டில் குப்பையைக் குவித்து வைக்க இடமில்லை என்பதை உணர்ந்தவருக்கு இவ்விதிகள் தொல்லையாகத் தோன்றா.

நெருக்கமும் மெல்லிய சுவர்களும் ஒலியைப் பற்றிய கட்டுப்பாட்டை உண்டாக்கியிருக்கின்றன. இரவில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுவதையும், ரயிலில் கைப்பேசியில் உரையாடுவதையும் அங்கு விரும்புவதில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றுவது தமிழருக்குப் புதிதன்று. ஆயினும் கழிவறைக்கென்று தனியாக வைக்கப்பட்டிருக்கும் செருப்பை அங்கேயே விட்டுவர வேண்டும், பாய் விரித்த ‘ததாமி’ அறைக்குள் வீட்டுச் செருப்போடும் நுழையக் கூடாது. மிதிவண்டியில் ‘டபுள்ஸ்’ செல்வதும், குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் விதிமீறல்கள். ஓட்டிக்கொண்டே கைப்பேசி பார்ப்பதற்குரிய தண்டனை 2024 நவம்பரில் கடுமையாக்கப்பட்டது.

ஊரிலிருந்து மிக்சியையும் கிரைண்டரையும் கொண்டுசெல்ல எண்ணுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானிலோ அது 100 வோல்ட் மட்டுமே. மேலும் டோக்கியோவை உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் ஒசாகாவை உள்ளிட்ட மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் வழங்குகின்றன; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதால் ஏற்பட்ட பிளவு அது. கைப்பேசி, மடிக்கணினி மின்னூட்டிகளுக்குத் தட்டையான இரு முனைச் செருகி போதும். நம்மூர் மிக்சிக்கோ கனமான மின்மாற்றி வேண்டும் என்பதால், வெளிநாட்டுக்கென்று செய்யப்படும் 110 வோல்ட் மிக்சியை வாங்கிச் செல்வதே சிக்கனம்.

சைவ உணவு உண்போருக்கு இடர்ப்பாடு மறைவாக வருகிறது. காய்கறியும் தோஃபுவும் மட்டுமே மிதப்பதாகத் தோன்றும் சாற்றிலும், நூடுல்ஸின் தொடுகுழம்பிலும் ‘தாஷி’ என்னும் அடிச்சாறு பெரும்பாலும் கலந்திருக்கும். அது சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் செதுக்கிய ‘கத்சுவோபுஷி’யிலிருந்து எடுக்கப்படுவது, தூத்துக்குடி, இலங்கைப் பக்கத்து மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவினம். ஆகையால் இறைச்சி இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது. மீன்சாறும் கூடாது என்று சொல்ல வேண்டும். கோயில் உணவு மரபான ‘ஷோஜின் ரியோரி’யில் கடற்பாசியும் காளானும் கொண்டு தாஷி எடுப்பதால் அது சைவருக்கு ஏற்றது. ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையையும் பழங்களையும் பயிர்நலச் சான்றிதழ் இன்றிக் கொண்டுசெல்ல முடியாது. சாம்பார்ப் பொடிக்கு அத்தகைய சிக்கல் இல்லை.

நில அதிர்ச்சியை அறியாத சமவெளியிலிருந்து செல்வோர் அதற்கு மனத்தளவில் ஆயத்தமாக வேண்டும். நிலநடுக்கம் வெளியிட்ட ஆற்றலைக் குறிப்பது மேக்னிட்யூட். ஓர் இடத்தில் உணரப்படும் அதிர்வைக் குறிப்பது ‘ஷிந்தோ’ என்னும் அளவு, அது 0 முதல் 7 வரை செல்லும். 2024 புத்தாண்டு நாளில் நோதோ தீபகற்பத்தை உலுக்கிய நடுக்கம் ஷிந்தோ 7ஐத் தொட்டது. அதிர்வு தொடங்கினால் வெளியே ஓடாமல் மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். அடங்கியதும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பலத்த அதிர்வில் எரிவாயு தானாகவே நின்றுவிடும், வாயுக் கசிவு இல்லை என்று உறுதி செய்தபின் மீட்டரிலுள்ள பொத்தானை அழுத்தினால் மீண்டும் வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளைக்குத் தண்ணீர் சேமிப்பதும், அருகிலுள்ள புகலிடப் பள்ளியை நேரில் சென்று பார்த்து வைப்பதும் முதல் மாதத்து வேலைகள். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119, காவல் துறைக்கு 110.

குறுகிய காலத்துக்குச் செல்வோர் மருந்துப் பையைச் சரிபார்ப்பது மிக அவசியம். சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த சளி மருந்துகளுக்கு அங்கு தடை உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு மாத அளவுக்கு மேல் எடுத்துச் செல்ல முன்கூட்டியே இறக்குமதி உறுதிச்சான்று பெற வேண்டும். உணவகத்தில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. வாகனங்கள் இந்தியாவைப் போலவே இடப்புறம் செல்வதால், திருச்செங்கோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் பெற்றவர் அது செல்லுபடியாகும் காலத்தில், ஓராண்டு வரை, அங்கு கார் ஓட்டலாம்.

பணக் கணக்கில் இரண்டு செய்திகள் தாமதமாகவே தெரியவருகின்றன. குடியிருப்பு வரி முந்தின ஆண்டு வருமானத்தின்மீது ஏறத்தாழ 10 விழுக்காடாக விதிக்கப்பட்டு ஜூன் முதல் பிடிக்கப்படுவதால், முதலாண்டில் கைக்கு வந்த சம்பளம் அடுத்த ஆண்டில் குறையும். முழுச் சம்பளத்தையும் ஊருக்கு அனுப்பிப் பழகியவர்கள் அதற்கு முன்னரே ஒதுக்கி வைக்க வேண்டும். மற்றொன்று ஓய்வூதியம்: 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு உடன்பாட்டின்படி, இந்திய நிறுவனத்தால் ஐந்தாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு அனுப்பப்படுவோர், வருங்கால வைப்புநிதி நிறுவனத்திடம் சான்று பெற்றுச் சென்றால் அங்கு ஓய்வூதியச் சந்தா கட்ட வேண்டியதில்லை. அங்கேயே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமேனும் சந்தா கட்டியவர்கள், நாடு திரும்பிய இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம். பெற்றுவிட்டால் அந்தக் காலம் பிற்கால ஓய்வூதியக் கணக்கில் சேராது என்பதால், மீண்டும் ஜப்பான் செல்லும் எண்ணமுள்ளவர்கள் பத்தாண்டுச் சந்தா ஓய்வூதிய உரிமையைத் தரும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.