காட்டு வழியில் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே

பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைப் புறங்கண்ட போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடுகளில் இடம்பெற்ற மணிமங்கலத்தில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் ஷிப்ட் பஸ்ஸுக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் இளைஞர்களிடையே, வார விடுமுறையில் ஒரு மலையேறிவிட்டு வரலாம் என்ற ஆசை பரவி வருவதை மகிழ்ச்சியோடு கவனித்து வருகிறேன். ஆனால் பேச்சு எடுத்ததும் அவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "போனில்தான் மேப் இருக்கே, சார். அப்புறம் எதுக்குக் கைடு?"

இந்தக் கேள்விக்கு விடை தேனி மாவட்டத்துக் குரங்கணியில் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று, குழுக்களாக மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைச்சரிவில் பற்றும் நெருப்பு, தன் அனலால் மேலேயுள்ள காய்ந்த புல்லை முன்னதாகவே வாட்டி வைத்துவிடுவதால், சமவெளியில் பரவுவதைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக மேல் நோக்கித் தாவும். ஆபத்தைக் கண்டு மேட்டை நோக்கி ஓடுகிறவன், பாவம், நெருப்பு ஓடும் திசையிலேயே ஓடுகிறான். எந்தப் பள்ளத்தில் புல் இல்லை, எந்தப் பாறைமேட்டில் ஒதுங்கலாம், காற்று எந்த நேரத்தில் திசை திரும்பும் என்பன போன்ற விஷயங்கள் எந்த மேப்பிலும் கிடையா. அந்தக் காட்டிலேயே ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வளர்ந்தவருக்கே அவை தெரியும்.

அந்தத் துயரத்துக்குப் பின் அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்துத் திறக்கப்பட்டன. உள்ளூர் வாசிகளுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் பயிற்சியளித்து அவர்களையே வழிகாட்டிகளாக நியமித்தார்கள். இத்திட்டத்தில் நான் பெரிதும் போற்றுவது இந்த நியமனத்தையே.

மணிமங்கலத்தாருக்குச் சௌகரியமான பாதை, திருவள்ளூரும் பூண்டியும் கடந்து செல்லும் குடியம் குகைப் பாதை. விடியற்காலையில் குடியம் கிராமத்தை விட்டுப் புறப்பட்டால், களாவும் முட்புதர்களும் நெருங்கிய செம்மண் தடத்தில், முன்னே ஒரு வழிகாட்டி செல்ல, கடைசியில் மற்றொருவர் வர, எல்லோரிலும் மெல்ல நடப்பவரின் நடைக்கு ஏற்பவே கூட்டம் நகரும். வேகமாக நடப்பவர்களுக்கு முதல் அரைமணி நேரம் இது சிரமமாயிருக்கும். பிறகு கண் பழகிவிடும். கால் விரைந்தபோது தென்படாத கல்லும் புற்றும் பறவையும் ஒவ்வொன்றாய்த் தென்படும். நாங்கள் சென்ற அன்று, பெரிய குகையை நெருங்கும்போது வழிகாட்டி கையமர்த்தி, "சத்தம் வேண்டாம்மா, மேலே தேனீ இருக்கு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அண்ணாந்து பார்த்தோம், அத்தனை பேரும் வாய் மூடினோம்.

குகை என்று பெயரேயொழிய, அது கூரைபோல் முன் சாய்ந்து நிற்கும் ஒரு மாபெரும் பாறைச் சுவரே. அருகே சென்று பார்த்தால், ஆதியில் ஏதோ பேராறு உருட்டிக் கொண்டுவந்த உருண்டைக் கற்கள், லட்டில் முந்திரி பதிந்ததுபோல், அதில் பதிந்திருக்கின்றன. இத்தகைய கூழாங்கற்களை உடைத்தே இப்பிரதேசத்து ஆதிமனிதன் கைக்கோடரி செய்தான். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல், மே மாதம் பல்லாவரத்திலும், பின்னர் குடியத்துக்கு அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அவற்றைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு, அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் நிறுவியது. பூண்டித் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தைத் திரும்பும் வழியில் பார்ப்பதே முறை. சுவரைத் தொட்ட பிறகுதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருக்கும் கல் நம்மோடு பேசும்.

புறப்படுகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முள் தைக்காத காலணி, முழுக்கைச் சட்டை இவை போதும். கோடையில் தீ அபாயத்தை முன்னிட்டுப் பாதைகளை மூடும்போது கெஞ்சிக் கேட்க வேண்டாம்.

இறங்குமுன் எங்களில் ஒரு பெண், உதிர்ந்து கிடந்த உருண்டைக் கல் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வழிகாட்டி கண்டிக்கவில்லை, "அது இங்கேயே இருக்கட்டும் பாப்பா" என்றார். அவள் அதைப் பாறையடியில் வைத்துவிட்டு வந்த பின்புதான் அவர் தலைகளை எண்ணத் தொடங்கினார்.