போதை ஸ்டாம்பும் 64-ஏ பிரிவும்

போதைக் காளானையோ ‘ஸ்டாம்ப்’ எனப்படும் எல்.எஸ்.டி. தாளையோ தின்றுவிட்டுப் பிள்ளை அலறினால், பல வீடுகளில் முதலில் அறையைப் பூட்டுகிறார்கள். பிறகு மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். ஊருக்குத் தெரியக் கூடாதாம்! காளானிலுள்ள சைலோசைபின் உடலில் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனினுக்குரிய ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கிறது. எல்.எஸ்.டி.யும் அங்கேதான் வேலை செய்கிறது. ‘நான்’ என்ற உணர்வோடு தொடர்புடைய பகுதிகளின் ஒத்திசைவு குலைவதால் சுவர் அசைகிறது, காலம் நின்றுபோகிறது. காளானின் வேகம் 4 முதல் 6 மணி நேரம், எல்.எஸ்.டி.க்கு 12 மணி வரை ஆகலாம். அந்நேரத்தில் தனியே பூட்டினால் பீதிதான் முற்றும். 108-ஐ அழையுங்கள். எதை, எப்போது தின்றார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காட்டுக் காளான்களில் கல்லீரலை அழிப்பவையும் உண்டு. வாந்தி நின்று தேறிவிட்டதுபோல் தோன்றிய பிறகே கல்லீரல் கெடும்.

“இது அடிமைப்படுத்தாது, ஆஸ்திரேலியாவில் மருந்தாகவே தருகிறார்கள்” என்பார்கள். அங்கே 2023 ஜூலை முதல் சைலோசைபினுக்கு அனுமதி உண்டு. ஆனால் மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, அதிகாரம் பெற்ற மனநல மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும். இங்கே 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் சைலோசைபின், எல்.எஸ்.டி. இரண்டையும் தடைசெய்கிறது. எல்.எஸ்.டி.யில் 0.1 கிராமே வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு சிறை. மருந்து தோய்ந்த தாளின் எடையையும் சேர்க்க வேண்டும் என்று 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில துண்டுகளே அந்த எடையை எட்டிவிடும்.

சிறு அளவோடு பிடிபட்டவருக்கும், உட்கொண்டதாக மட்டும் வழக்குள்ளவருக்கும் அச்சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி விடுகிறது. தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு. இதை எடுத்துச் சொல்ல எத்தனை அதிகாரிகளுக்கு வாய் வருகிறது? ஆனால் விலக்கு, சட்டப்படி ‘அடிமையானவருக்கு’ மட்டுமே. “அடிமைப்படுத்தாது” என்று வாதிடுபவர் தம் கவசத்தைத் தாமே கழற்றுகிறார். விலக்குக்கு அரசு ஏற்ற சிகிச்சை இடமும் வேண்டும், ஆகவே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ, அரசு அங்கீகாரம் பெற்ற மையத்திலோ மட்டும் சேருங்கள். அங்கீகார ஆணையைக் கேட்டுப் பாருங்கள். போதைச் சார்புநிலை பற்றிய மருத்துவர் சான்று, அனுமதிப் பதிவு, ஒவ்வொரு வருகையின் சீட்டு ஆகியவற்றை நகலெடுத்து வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தில் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரவேண்டும், எழுதிக் கேளுங்கள். எந்த மையம் என்று தெரியாவிட்டால் 14446 உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை. மீண்டும் சொல்கிறேன்: அங்கீகாரமற்ற மையத்தின் ரசீது நீதிமன்றத்தில் செல்லாது, சிகிச்சையைப் பாதியில் விட்டால் கிடைத்த விலக்கும் திரும்பப் பெறப்படலாம்.