தாகமும் இச்சையடக்கமும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

ஆவியின் கனியைப் பற்றிக் கலாத்தியர் 5-ம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் ஒன்பதில் கடைசியாக வருவது இச்சையடக்கம். நம் பிரசங்கங்களிலும் அதற்குக் கடைசி இடம்தான். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று விளக்கி முடிப்பதற்குள் நேரம் ஆகிவிடும். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். அதற்குரிய கிரேக்கச் சொல்லை இறையியல் கல்லூரியில் படித்தோம். பொருளை எங்கள் டயாலிசிஸ் பிரிவில்தான் கற்றுக்கொண்டோம்.

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்கிறார்கள். பலருக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றே போயிருக்கும். குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லை. காலில் நீர் கோக்கும். பிறகு நுரையீரலில் சேர்ந்து மூச்சுத் திணறும். எனவே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு சொல்கிறார். பலருக்கு அது ஒரு லிட்டருக்கும் குறைவு. காபி, மோர், ரசம், கஞ்சித் தண்ணீர் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். இளநீர் கூடாது, அதிலுள்ள பொட்டாசியம் இவர்களுடைய இருதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். சித்திரை வெயிலில் இதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

சென்ற கோடையில் ஒரு காலை, ஒரு லாரி ஓட்டுநரின் படுக்கையருகே நின்று இந்த இச்சையடக்கத்தைப் பற்றியே பேசினோம். அளவு மீறிக் குடித்து, நள்ளிரவில் மூச்சு முட்டிக் கொண்டுவரப்பட்டவர் அவர். வசனம் சொன்னோம், ஜெபித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா உங்க கையில இருக்கிற காபி வாசம்தான் எனக்கு மூக்குல ஏறுது” என்றார். கையில் டம்ளர் இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். இத்தனை ஆண்டு ஊழியத்தில் நாங்கள் அப்படி வெட்கப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு, நர்ஸ் அம்மா அவருக்கும் அவர் மனைவிக்கும் சொல்லிக்கொடுப்பதை உட்கார்ந்து கேட்டோம். “அடக்கிக்கொள்ளுங்கள்” என்று அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாட்டை விட்டுவிடுங்கள், உப்புத்தான் தாகத்தைக் கிளப்புகிறது என்றார். காலையிலேயே அன்றைய தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து வையுங்கள். காபியோ மோரோ குடித்தால் அதே அளவு தண்ணீரை அதிலிருந்து கொட்டிவிடுங்கள். சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சின்ன டம்ளரில் குடியுங்கள். நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். பிள்ளைகள் அவர் முன்னால் மடமடவென்று குடிக்க வேண்டாம்.

இவற்றில் பெரும்பாலானவை தாகம் எடுக்குமுன் செய்ய வேண்டியவை. வீட்டார் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டியவை. நாங்களோ இச்சையடக்கம் என்றால் சோதனை வந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தனியே நிற்பது என்றே நெடுநாள் பிரசங்கித்திருக்கிறோம். தன் ஆவியை அடக்காத மனுஷனை மதிலிடிந்த பட்டணத்துக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 25:28. பகைவன் வாசலுக்கு வந்த அன்றைக்கு யாரும் மதில் கட்டத் தொடங்குவதில்லை, தனியாளாகவும் கட்டுவதில்லை. பவுலும் மாம்சத்தினுடையதைக் கிரியைகள் என்று பன்மையில் சொல்லி, ஆவியினுடையதைக் கனி என்று ஒருமையில் சொல்கிறார். மாமரம் முக்கி முனகிக் காய்ப்பதில்லை. ஆனால் வேலியும் தண்ணீரும் வேண்டும், பருவமும் வர வேண்டும்.

செசரியாவில் தேசாதிபதி பேலிக்ஸின் முன்பாகப் பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பேசியதை அப்போஸ்தலர் 24-ல் வாசிக்கிறோம். பேலிக்ஸுக்குப் புரிந்தது, பயமும் வந்தது. ஆனாலும், சமயம் வாய்க்கும்போது அழைப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டான். அழைக்கவும் செய்தான், பலமுறை. பணம் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு. அப்படியே 2 ஆண்டுகள் ஓடிவிட்டன. எங்கள் வார்டுகளில் பேலிக்ஸுகள் ஏராளம். குடியை விடப் பொங்கல் கழியட்டும் என்பார் ஒருவர்; சர்க்கரையைக் குறைக்கக் கல்யாணம் முடியட்டும் என்பார் இன்னொருவர். எங்களுக்கும் சர்க்கரை உண்டு. கிறிஸ்மஸ் கேக் தீரட்டும் என்று நாங்களே சொன்னதை மறைக்க வேண்டியதில்லை.

பார்வையாளராக வரும் சில நல்ல விசுவாசிகள், தாகத்தைத் தாங்க முடியாதது விசுவாசக் குறைவு என்று நோயாளிகளிடம் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதிருங்கள். வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைச் சிலுவையில் அறையப்படுமுன் ஏற்க மறுத்தவர் நம் ஆண்டவர் (மாற்கு 15:23). அன்றே, முடிவு நேரத்தில், தமக்குத் தாகமாயிருக்கிறதென்று வாய்விட்டுச் சொல்லி, கொடுத்த காடியை வாங்கிக்கொண்டவரும் அவரே (யோவான் 19:28-30). எதை மறுப்பது, எதை ஏற்பது என்று அவர் அறிந்திருந்தார். தாகத்தை ஒளிக்கவில்லை. நம் ஓட்டுநரும் இரவில் யாருக்கும் தெரியாமல் குழாயடிக்குப் போவதை நிறுத்தி, “தாகமா இருக்கு” என்று மனைவியிடம் சொல்லத் தொடங்கிய பின்புதான் அளவுக்குள் வந்தார். அந்த அம்மா ஒரு சிறு ஐஸ் துண்டை வாயில் போடுவார். அதையும் கணக்கில் எழுதிக்கொள்வார்.

உங்களில் பல குடும்பங்களுக்குப் பிடியரிசிக் காணிக்கை பழக்கமானது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்துவிடுவது. சோறு வடித்தபின் மிச்சம் பார்த்து எடுத்து வைப்பதென்றால் அந்தப் பானை நிறையவே நிறையாது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். அந்தப் பிடியரிசியும், லெந்து நாட்களில் காபியையோ கறியையோ விட்டு நீங்கள் சேர்த்து அனுப்புகிற காசும், கட்டணம் செலுத்த இயலாதவர்களின் சிகிச்சைக்கு உதவுகின்றன. காலையில் அளந்து வைத்த பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தப் பானையின் நினைவு வரும்.

ஓட்டுநர் திங்களும் வியாழனும் தவறாமல் வருகிறார். நாங்கள் இப்போது எங்கள் அறையிலேயே காபியை முடித்துவிட்டுத்தான் அந்தப் பிரிவுக்குள் போகிறோம். எங்களைக் கண்டதும் அவர் சிரித்துக்கொண்டே, “ஐயா, காபி ஆச்சா?” என்பார். “ஆச்சு தம்பி, நேத்து பாட்டில்ல மிச்சம் வந்துச்சா?” என்று கேட்போம். சில நாள் இரண்டு விரலை நீட்டி அளவு காட்டுவார். சில நாள் கையை விரித்துவிட்டு, “நேத்து வெயில் ஜாஸ்தி ஐயா” என்பார்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகரும் ஊழியக் குழுவும்