டி செல்லுக்கும் ஒரு டோல்கேட்!

2022 ஜனவரி ஞாபகம் இருக்கா பாஸ்? 15 முதல் 18 வயசுக்காரங்களுக்கு ஸ்கூல்லயே கோவேக்சின் போட்டாங்களே! ப்ளஸ் ஒன் படிச்ச நானும் பெரம்பலூர்ல கண்ணை இறுக்க மூடிக்கிட்டு கையை நீட்டினேன். மார்ச்ல 12 - 14 வயசு வாண்டுகளுக்கு வந்தது கோர்பிவேக்ஸ். "அண்ணா, உன் ஊசியும் என் ஊசியும் ஒண்ணா?"னு அரியலூர்ல இருக்குற என் சித்தி பையன் கேட்டப்போ பேந்தப் பேந்த முழிச்சேன். இப்போ தேடிப் படிச்சதுல செம மேட்டர் மாட்டுச்சு.

கிருமி நுழைஞ்சதும் டி செல்கள் படையாப் பெருகும். சண்டை முடிஞ்சதும்? நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல தானாவே செத்துடும். மிஞ்சுற கொஞ்சம்தான் அந்தக் கிருமியை ஞாபகம் வெச்சிருக்கும். யார் பொழைக்கணும்ங்கிற இந்த விவகாரத்துலதான் 'டோல்' வருது.

திருமாந்துறை டோல்கேட் இல்லீங்க! ஜெர்மன்ல 'டோல்'னா 'சூப்பர்'. பழ ஈயில ஒரு ஜீன் பண்ற வேலையைப் பார்த்து விஞ்ஞானி நுஸ்லைன் ஃபோல்ஹார்ட் அசந்துபோய்ச் சொன்ன வார்த்தையே அதுக்குப் பேராகிடுச்சாம். அதே சாயல்ல நம்ம உடம்புல 10 டோல் ரிசெப்டார்கள் இருக்கு. பிறவி வாட்ச்மேன்கள். பேர் கேட்காது, ஜாடையைப் பார்த்தே விசிலடிக்கும். ரொம்பப் பழைய பார்ட்டிங்க! அரியலூர் மண்ணுல கல்லாக் கிடைக்குதே கடல் முள்ளெலி, அதோட இன்னிக்குச் சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட இந்த வகை ஜீன் 222 இருக்கு. டி செல்லே கிடையாது, வாட்ச்மேனை நம்பியே பொழப்பு ஓடுது.

2004-ல பென்சில்வேனியா பல்கலைக்கழக டீம் ஒண்ணு எலியோட டி செல்களைத் தனியா எடுத்து, தூண்டிவிட்டு, பாக்டீரியா டி.என்.ஏ. ஜாடையில இருக்குற 'சிபிஜி'யைக் கொடுத்தாங்க. சாக வேண்டிய செல்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடிச்சுது! வாட்ச்மேன் டி செல்லுக்குள்ளேயே இருந்திருக்கார். அவர் விசிலடிக்க, பிசிஎல்-எக்ஸ்எல்ங்கிற புரதம் பெருகி சாவைத் தள்ளிப்போடுது.

கோர்பிவேக்ஸ்ல கலந்திருக்குறதும் ஒரு சிபிஜிதான். அது தட்டுறது 9-ம் நம்பர் ரிசெப்டாரை. கோவேக்சின்ல இருக்குறது 7, 8-ஐத் தட்டுற மருந்து. உடனே 'ஊசி போட்டா டி செல் சாகாது'னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. மனுஷங்ககிட்ட 9-ம் நம்பர் அதிகம் இருக்குறது பி செல்லுலயும் ஒரு வகை டென்ட்ரிட்டிக் செல்லுலயும்தான். ஊசியோட வேலை பெரும்பாலும் அவங்க மூலமாத்தான். தவிர, சாக வேண்டிய டி செல் சாகாம நின்னா, நம்ம உடம்பையே அடிக்கலாம், புற்றுநோயாகவும் மாறலாம். கொஞ்சம் பொழைக்கணும், ஓவராப் பொழைச்சிடக் கூடாது. ஊசி தயாரிக்கிறவங்களுக்குத் தலைவலியே இதுதான்.

தம்பிக்கு போன்ல இவ்வளவும் சொன்னேன். "அப்போ என் ஊசிதான் கெத்தா?"ங்கறான்.